ஆற்றில் வாழுமோ சுறா?

பண்டைத் தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய தெய்வம், மரம், பறவை, விலங்கு முதலியவற்றை வரையறுத்துக் கூறினர். மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் புலியையும் கரடியையும் உரியவையாக்கிய இலக்கண நூலார், கடல்நிலமாகிய நெய்தலுக்குச் சுறாவை உரிமையாக்கினர். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வத்தை வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆகவே சுறா கடலுக்கு உரிய மீன் என்னும் எண்ணம் தமிழ் மக்கள் நெஞ்சில் நெடுங்காலமாக வேரூன்றிய ஒன்றாகும்.

கடற்கரையினின்று நெடுந்தொலைவில் மலைகளுக்கிடையே அமைந்தது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களை வளப்படுத்திக்கொண்டு வரும் முல்லையாறு, தேனிக்கு அருகில் வைகையுடன் கலக்கின்றது. இங்குள்ளோர் சுறாவைக் காண்பது சந்தையில்தான். பனிக்கட்டியில் இட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து கொண்டுவரப்படும் பால்சுறாவை வாங்கிப் புட்டுச் செய்து, பிள்ளை பெற்ற தாய்மார்க்கு ஊட்டுதல் இப்பகுதியிலும் உள்ள வழக்கமாகும். ஆயினும், ஆற்றிலோ அணையிலோ மிகப் பெரிய மீனொன்று வலையில் அகப்படும்போது, “இதுவும் ஒருவகைச் சுறாவோ?” என்னும் ஐயம் மக்களிடையே எழுதல் இயல்பே. அங்ஙனமாயின், நன்னீரில் சுறா வாழ இயலுமா? வைகையிலும் முல்லையாற்றிலும் என்றேனும் ஒரு சுறா வந்து சேருமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது சுவையும் பயனும் உடையதாகும்.

முதற்கண் பெயரால் வரும் மயக்கத்தைக் களைதல் வேண்டும். தமிழகத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் வாளை மீன், ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு வளரவல்லது. அகன்ற வாயும் கூரிய பற்களும் உடையது. பிற மீன்களைப் பற்றி விழுங்குவது. இவ்வியல்பு பற்றி ஆங்கிலத்தில் இதனை ‘நன்னீர்ச் சுறா’ என்று வழங்குவர். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று பண்ணைகளில் வளர்க்கப்படும் பங்கேசியஸ் என்னும் மீனையும், அதன் குஞ்சுப் பருவத்தில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போர் ‘ஷார்க்’ என்றே அழைக்கின்றனர். இவ்விரண்டும் கெளுத்தியின் உறவின மீன்களே அன்றிச் சுறா ஆகா.

உண்மைச் சுறாவை அறிந்துகொள்ளும் அடையாளங்கள் எளியன. வாளை, கெண்டை முதலிய மீன்களின் உடலில் முள்ளாகிய எலும்பு உண்டு. சுறாவின் உடலிலோ எலும்பு என்பதே இல்லை. மனிதரின் காது மடலில் உள்ளது போன்ற குருத்தெலும்பே அதன் உடலைத் தாங்குகின்றது. மற்ற மீன்களின் செவுளை ஒரு மூடி மறைத்திருக்கும். சுறாவிற்குச் செவுள் மூடி கிடையாது; தலையின் இருமருங்கும் ஐந்து முதல் ஏழு பிளவுகள் வெளிப்படையாகத் தெரியும். சுறாவின் தோலை வாலிலிருந்து தலைநோக்கித் தடவினால் அரம்போல் சொரசொரப்பாயிருக்கும். அத்தோலின்மேல் நுண்ணிய பல்போன்ற செதில்கள் நெருங்கியிருத்தலே அதற்குக் காரணம். வாளைக்கும் கெளுத்திக்கும் மீசை உண்டு. வழவழப்பான தோல் உண்டு. ஆதலின் மீசையும் செவுள் மூடியும் உடைய மீனைச் சுறா எனல் பொருந்தாது.

இனி, கடல்மீன் நன்னீரில் வாழ இயலாமைக்குக் காரணம் யாது என்பதைக் காண்போம். கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர்த் திராட்சைக்குப் பேர்பெற்றது. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால், சிறிது நேரத்தில் அது நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றது. மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவினால், அவற்றினுள் இருந்த நீர் வெளியே கசிந்து, துண்டுகள் சுருங்கிவிடுகின்றன. மெல்லிய தோலொன்றின் இருபுறமும் நீர் இருக்குமாயின், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கரைபொருள் மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். மீனின் செவுள் மிக மெல்லிய தோலால் ஆயது. ஆதலின் மீன் தன் வாழ்நாள் முழுவதும் இவ்வியற்கை விதியோடு போராடிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. கடலில் வாழும் எலும்பு மீன்களின் குருதியில் உப்பு இதனினும் மிகக் குறைவு. ஆகவே அவற்றின் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறுகின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய அவை கடல்நீரைப் பருகி, மிகுதியான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகின்றன. சுறாவோ வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளது. உழவர் நெல்வயலில் உரமாக இடும் யூரியா என்னும் பொருள், உயிர்களின் உடலிலும் கழிவாகத் தோன்றுவதாகும். பிற உயிர்கள் வேண்டாவென்று வெளியேற்றும் அக்கழிவைச் சுறா தன் குருதியிலேயே மிகுதியாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றது. அதனால் அதன் குருதியின் செறிவு கடல்நீரின் செறிவுக்கு நிகராகவும், சிறிது மிகுதியாகவும் அமைகின்றது. எனவே கடலில் சுறாவின் உடல் நீரை இழப்பதில்லை. யூரியாவின் தீமையினின்று உடலைக் காக்கும் மற்றொரு பொருளும் அதன் குருதியில் உண்டு. உடலில் மிகும் உப்பை வெளியேற்றக் குடலின் இறுதியில் தனிச் சுரப்பி ஒன்றும் அமைந்துள்ளது.

கடலில் சுறாவைக் காக்கும் இவ்வமைப்பே, ஆற்றில் அதற்குப் பகையாகிவிடுகின்றது. கடற்சுறாவை நன்னீரில் விட்டால், செறிந்த அதன் குருதியை நோக்கி நாற்புறத்து நீரும் செவுள் வழியே பாய்கின்றது; உடலில் இருக்கவேண்டிய உப்பு வெளியே கசிகின்றது. உயிரணுக்கள் வீங்கிச் செயலிழக்க, அச்சுறா மடிகின்றது. உலகில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுறா வகைகள் இருந்தும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆற்றை அணுகாமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் இப்பொதுவிதிக்கு விலக்கும் உண்டு. வெப்பக் கடல்களில் வாழும் ஒருவகைச் சுறா, பருத்த உடலும் மழுங்கிய மூக்கும் கொண்டது. அதன் தோற்றம் பற்றி ஆங்கிலேயர் அதற்குக் காளையின் பெயரை இட்டனர். தமிழில் அதனைக் காளைச்சுறா எனலாம். மூன்று மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய இச்சுறா, கடலிலும் ஆற்றிலும் மாறி மாறி வாழும் ஆற்றல் உடையது. கடலை விட்டு ஆற்றினுள் புகும்போது, அதன் குருதியில் உள்ள யூரியா ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. சிறுநீரகங்கள் உட்புகும் நீரை மிகுதியான சிறுநீராக வெளியேற்றுகின்றன. உப்பை வெளியேற்றும் சுரப்பி தன் தொழிலைச் சுருக்கிக்கொள்கின்றது. செவுளோ ஆற்றுநீரில் உள்ள சிறிதளவு உப்பையும் ஈர்த்து உடலுக்கு அளிக்கின்றது. இத்தனை மாற்றங்கள் நிகழ்ந்த பின்னும் அதன் குருதி ஆற்றுநீரைவிடப் பன்மடங்கு செறிவுடையதே. ஆகவே ஆற்றில் வாழும் நாளெல்லாம் அதன் உடல் ஓய்வின்றி உழைத்துக்கொண்டே இருக்கின்றது.

இவ்வுண்மை எளிதில் வெளிப்பட்டதன்று. நடு அமெரிக்காவில் நிகராகுவா என்னும் பேரேரி உள்ளது. அவ்வேரியில் சுறாக்கள் வாழ்தலைக் கண்ட அறிஞர், அவை கடலோடு தொடர்பற்ற தனியினம் என்று கருதி, 1877-ஆம் ஆண்டில் அவற்றிற்குத் தனிப்பெயர் சூட்டினர். ஏரியிலிருந்து கரீபியக் கடலுக்குச் செல்லும் சான் ஜுவான் ஆற்றில் பாறைகள் நிறைந்த பாய்ச்சல்கள் பல உள்ளமையால், சுறா அதனைக் கடந்து ஏறாது என்பது அவர்தம் எண்ணம். 1961-ஆம் ஆண்டில், ஏரிச்சுறாவின் உடலமைப்பைக் கடற்சுறாவின் உடலமைப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தோர், இரண்டும் ஒன்றே என்று முடிவு கண்டனர். எனினும் சுறாக்கள் ஆற்றின் வழியே வந்து போகின்றன என்பதற்கு நேர்ச்சான்று வேண்டியிருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் தார்சன் என்பார், சுறாக்களைப் பிடித்து அடையாள வில்லை பொருத்தி மீண்டும் நீரில் விட்டார். ஏரியில் வில்லையிடப்பட்ட சுறா கடல்வாயில் அகப்பட்டது. கடல்வாயில் வில்லையிடப்பட்டது ஏரியில் அகப்பட்டது. அவற்றுள் சில, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாற்றை 7 முதல் 11 நாட்களுக்குள் கடந்திருந்தன. இம்முடிவுகளை அவர் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூற்றாண்டுக் காலம் நிலவிய ஓர் எண்ணத்தைச் சிறு வில்லையொன்று மாற்றிவிட்டது. கண்டதும் கேட்டதும் மட்டுமே உண்மையாகா. ஆராய்ந்து தெளிந்ததே உண்மையாகும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

காளைச்சுறா ஆற்றில் நெடுந்தொலைவு செல்லவல்லது. வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், கடலினின்று 1800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஆல்டன் என்னும் ஊரில், 1937-ஆம் ஆண்டில் ஒரு காளைச்சுறா பிடிபட்டது. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றில், கடல்வாயிலிருந்து 3500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள இக்கிடோஸ் வரையிலும் அது சென்றுள்ளது. ஆத்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு அருகே, 1990-களில் பெருகிய வெள்ளத்தோடு ஆற்றிலிருந்து கோல்ஃப் ஆட்டத் திடலின் ஏரியொன்றில் புகுந்த காளைச்சுறாக்கள், வெள்ளம் வடிந்தபின் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிட்டன. ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவை அவ்வேரியில் வாழ்ந்தன. எனினும் அங்கு அவை குட்டி ஈன்றதாகச் சான்று கிடைத்திலது.

கடலில் உணவும் இடமும் இருக்க, இச்சுறா ஆற்றை நாடுதல் எதற்கு? தன் மகவைக் காத்தற்கே என்க. தாய்ச்சுறா ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் குட்டிகளை ஈனுகின்றது. பிறந்த குட்டிகள் ஆற்றினுள் ஏறிச் சில ஆண்டுகள் அங்கேயே வளர்கின்றன. அவற்றை விழுங்கக்கூடிய பெருஞ்சுறாக்கள் கடலில் பல உண்டு. ஆற்றினுள் வந்து வாழவல்லனவோ மிகச் சில. ஆதலின் குட்டிகளுக்கு ஆறு ஒரு தொட்டிலாகின்றது. வளர்ந்த பின் அவை கடலுக்கே திரும்புகின்றன. ஆகவே காளைச்சுறா ஆற்றில் வாழும். ஆனால் கடலை முற்றும் துறந்து வாழாது. சுறாவின் உறவினமாகிய திருக்கைகளுள் சில வகைகள் மட்டும் அமேசான் ஆற்றில் நிலையாகத் தங்கி, யூரியாவைச் சேர்த்து வைக்கும் ஆற்றலையே இழந்து, முழுவதும் நன்னீர் உயிர்களாகிவிட்டன.

நம் நாட்டிலும் ஆற்றுச்சுறா உண்டு. அது கங்கைச் சுறா எனப்படும். சிறிய கண்களும் ஒடுங்கிய கூரிய பற்களும் உடைய இதனை, ஊக்ளி ஆற்றில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, மியூல்லர், ஹென்லே என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1839-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். கங்கையில் நீராடுவோரைத் தாக்கியதாக இதன்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் பல, காளைச்சுறாவின் செயல்களாக இருத்தல் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கங்கைச் சுறா இன்று கிடைத்தற்கு மிகவும் அரிதாகிவிட்டது. பல்லாண்டுகள் கண்ணிற்படாதிருந்த இவ்வினத்தின் பெண்சுறா ஒன்று, 2016-ஆம் ஆண்டில் மும்பைச் சசூன் மீன்பிடி துறையில் காணப்பட்டது. அதன் நீளம் 266 சென்டிமீட்டர். இந்திய அரசு 2001-ஆம் ஆண்டிலேயே இதனை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் புலிக்கு நிகரான காவலை இதற்கு அளித்துள்ளது.

கங்கைத் தெய்வத்தின் ஊர்தியை மகரம் என்பர். மகரம் என்னும் வடசொல்லைத் தமிழ்ப் புலவர் சுறா என்றே பெயர்த்தனர். மகரக் கொடியுடைய மன்மதனைச் சுறவக்கொடியோன் என்றனர். மகர ஓரைக்குச் சுறவம் எனப் பெயரிட்டனர். சிற்பத்தில் மகரம் பல விலங்குகளின் உறுப்புக்கள் கலந்த கற்பனை வடிவாகவே காணப்படும். ஆயினும் கங்கையையும் சுறாவையும் இணைத்துக் காணும் சொல்வழக்கு, அவ்வாற்றில் உண்மையாகவே சுறா உலவுதலோடு பொருந்தி அமைந்தமை வியத்தற்குரியது. பரதவர் வழிபட்ட ‘சுறாக்கொம்பு’ வேளா எனப்படும் வாள்மூக்கு மீனின் கொம்பாதல் வேண்டும்; ஏனெனில் பிற சுறாக்களுக்கு அத்தகைய கொம்பு இல்லை. திருக்கை இனத்தைச் சார்ந்த அவ்வேளாவும் கழிமுகங்களிலும் ஆறுகளிலும் புகும் இயல்புடையது.

இனி, வைகைக்கு வருவோம். காளைச்சுறாவும் வங்கக் கடலில் வாழ்கின்றது. அது வைகை வழியே தேனியை அடைதல் கூடுமா? வருசநாட்டு மலைப்பகுதியில் பிறக்கும் வைகை 258 கிலோமீட்டர் ஓடுகின்றது. பிற பேராறுகளைப் போல அது நிறைநீரோடு கடலிற் கலப்பதில்லை. இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் சென்று தங்கி, மிகுந்த நீர் மட்டுமே ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகில் பாக் நீரிணையைச் சேர்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் பரமக்குடியிலும் மானாமதுரையிலும் வைகை மணற்பரப்பாகவே காட்சியளிக்கின்றது. வெள்ளக் காலத்தில் ஒருகால் சுறா உட்புகுந்தாலும், வழியில் தடுப்பணைகளும் மதகணைகளும், சிற்றணையும் பேரணையும் குறுக்கிட்டு நிற்கின்றன. அவற்றையும் கடந்தால், 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று 71 அடி ஆழத்திற்கு நீரைத் தேக்கும் வைகை அணை மதில்போல் எதிர்ப்படும். ஆகவே கிழக்கு வழி அடைபட்ட வழியே.

மேற்கு வழி எங்ஙனம்? முல்லையாற்றில் ஓடும் நீரின் பெரும்பகுதி, மேற்கே அரபிக் கடலை நோக்கிச் செல்லும் பெரியாற்றின் நீராகும். 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் என்னும் பொறியாளர் பெரியாற்றின் குறுக்கே அணைகட்டி, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பினார். கொச்சிப் பகுதியில் கடலிலிருந்து பெரியாற்றில் புகும் மீன் தேக்கடியை அடைய வேண்டுமாயின், கடல்மட்டத்திற்கு 850 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் ஏறவேண்டும்; அருவிகளையும் அணைகளையும் கடக்கவேண்டும். சுறாவினால் அஃது இயலாது. எனவே வைகையிலும் முல்லையாற்றிலும் நீராடும் சிறுவர் சுறாவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. சுழலுக்கும் ஆழத்திற்குமே அஞ்சுதல் வேண்டும்.

ஆனால் இவ்விடையோடு சிந்தனை நின்றுவிடலாகாது. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வந்துபோகும் உயிர் சுறா மட்டும் அன்று. ஆற்றில் வளரும் விலாங்கு, முட்டையிடக் கடலுக்குச் செல்கின்றது. அதன் குஞ்சுகள் மீண்டும் ஆற்றில் ஏறுகின்றன. தமிழில் உல்லம் என்றும் வங்க மொழியில் இலிஷ் என்றும் வழங்கும் மீன், கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறுகின்றது. கங்கையின் குறுக்கே பராக்கா அணை 1975-ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய பின், அதற்கு மேற்பட்ட பகுதியில் அம்மீன் வரவு பெரிதும் அருகியது. அதனை நம்பி வாழ்ந்த மீனவரும் வருந்தினர்.

அணைகள் வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. பெரியாற்று அணை இல்லையேல் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்கள் இல்லை. மதுரை மாவட்டத்துப் பாசனமும் இல்லை. பெண்டிரும் ஆடவரும் இன்றும் பென்னிகுவிக்கின் பெயரை நன்றியோடு நினைப்பது அதனாலேயாம். எனினும் ஆறு என்பது வாய்க்கால் மட்டும் அன்று. எண்ணற்ற உயிர்கள் நடமாடும் வழியும் அதுவே. அணைகளில் மீன்கள் ஏறிச் செல்லப் படிவழி அமைத்தலும், கழிமுகம் வரையில் சிறிதேனும் நீர் ஓடவிடுதலும், கழிவைக் கலவாது ஆற்றைக் காத்தலும் மனிதரால் ஆகும் செயல்களே. சுறாவை மிகுதியாகப் பிடித்தமையால், நிகராகுவா ஏரியில் ஒருகாலத்தில் திரள்திரளாக இருந்த சுறாக்கள் 1970-களுக்குப் பின் அருகிப் போயின. நிகராகுவாவில் வலையால் நேர்ந்த குறை, பிறவிடங்களில் அணையாலும் அழுக்காலும் நேர்கின்றது.

ஆற்றில் வாழுமோ சுறா என்னும் வினாவிற்கு விடை இதுவே: பெரும்பாலான சுறாக்கள் வாழா, மிகச் சில வாழும். அவை வாழ்வதற்கும் ஆறு கடலைச் சென்று சேர்தல் வேண்டும். தேனியில் பொழியும் மழைத்துளிக்கும் இராமநாதபுரத்துக் கடலலைக்கும் இடையே உள்ள உறவு அறாதிருத்தல், மீனுக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் நலம் தருவதாகும். அவ்வுறவைக் காத்தல் ஆற்றங்கரையில் வாழ்வோர் அனைவரின் கடமையாகும்.